ஆறடி ரீப்பரில் ஒரு பெட்டி



சித்திரை பிறந்துவிட்டால் சேலம் கடைவீதியில் மாம்பழ வாசனையை மீறி எதுவும் நடக்காது. மல்கோவா, இமாம் பசந்த், பங்கனப்பள்ளி, செந்தூரா, சேலம் குண்டு என்று அடுக்கி வைத்திருப்பார்கள். வாங்க வருகிறவர் பழத்தை முகர்ந்து பார்ப்பார், காம்படியை அழுத்திப் பார்ப்பார், விலையைக் குறைத்துக் கேட்பார். சென்னையில் இருக்கும் சம்பந்திக்கோ, பெங்களூரில் இருக்கும் மேலதிகாரிக்கோ அனுப்ப ஒரு பெட்டி கட்டச் சொல்வார். பழத்தை அத்தனை பார்த்தவர் அந்தப் பெட்டியை ஒரு முறைகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு தலைமுறைக்கு முன்பு அது வைக்கோல் பரப்பிய மரப்பெட்டி. இழைக்காத பலகை, நான்கு மூலைக்கும் ஆணி. பழம் தீர்ந்ததும் கோழி அடைக்கவோ அடுப்பெரிக்கவோ போய்விடும். இப்போது அட்டைப்பெட்டி. அது அடுப்புக்குக்கூட ஆகாது.

மாம்பழம் மட்டுமில்லை. சேலம் வெள்ளிக் கொலுசு நாடு முழுக்கப் போகிறது. புவிசார் குறியீடு பெற்ற சேலம் வெண்பட்டு கல்யாண மாப்பிள்ளைகளின் இடுப்பில் ஏறுகிறது. அடுத்தவருக்குக் கொடுப்பதற்கென்றே பொருள் செய்யும் சமவெளி இது. ஆனால் கொலுசு வெல்வெட் ஒட்டிய பிளாஸ்டிக் டப்பாவில் போகிறது. பட்டு, கண்ணாடித்தாள் ஒட்டிய அட்டையில் போகிறது. கொடுக்கும் பொருளுக்கு இருக்கும் மரியாதை அதைத் தாங்கும் பெட்டிக்கு இல்லை.

ஜப்பானில் கிரி என்றொரு மரம் உண்டு. எடை குறைவு, ஈரத்தில் அதிகம் ஊதாது. தேநீர்க் கிண்ணத்தையும் கிமோனோவையும் அந்த மரப்பெட்டியில்தான் வைப்பார்கள். கிண்ணம் செய்தவர் பெட்டி மூடியில் தன் கையாலேயே எழுதிக் கையொப்பமிடுவார். பெட்டி தொலைந்துவிட்டால் கிண்ணத்தின் விலையே இறங்கிவிடும். அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் விசாகப்பட்டினம் இருக்கிறது. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் அங்கே தந்தமும் கொம்பும் பதித்துச் செய்த பெட்டிகளைக் கிழக்கிந்தியக் கும்பினிக்காரர்கள் வாங்கிக்கொண்டு கப்பலேறினார்கள். இன்று அவை வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. உள்ளே என்ன வைத்திருந்தார்கள் என்று யாருக்கும் நினைவில்லை.

சேலம், நாமக்கல் பக்கத்தில் மரவேலை தெரிந்த கை இல்லையா என்றால், தாராளமாக இருக்கிறது. கெங்கவல்லி வட்டத்துத் தம்மம்பட்டியில் பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் நடுவே, சுவேத நதிக்கரையில், வீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்து தசாவதாரத்தையும் வாகனங்களையும் தேர்ச்சிற்பங்களையும் செதுக்குகிறார்கள். பச்சைமலைக்கு அந்தப்புறம் அரும்பாவூர். அதன் மரச்சிற்பம் 2020-இல் புவிசார் குறியீடு பெற்றது. வடக்கே கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021-இல் பெற்றது. தூங்குவாகை, மாவிலங்கை, அத்தி என்று அக்கம்பக்கத்தில் கிடைக்கும் மரம்தான் மூலப்பொருள். யாளியின் வாய்க்குள் உருண்டை உருளும்படி குடையத் தெரிந்த கைகள் இந்த வட்டாரத்தில் உண்டு.

ஆனாலும் சிற்பம் வேறு, பெட்டி வேறு. சிற்பி ஒரே கட்டையிலிருந்து வேண்டாததைக் கழிக்கிறார். பெட்டியில் பல துண்டுகள் சேர வேண்டும், அதில் ஒன்று தினமும் நகர வேண்டும். விநாயகர் சிலை ஐப்பசி மழையில் கொஞ்சம் ஊதினாலும் கும்பிடுகிறவருக்குத் தெரியாது. பெட்டி ஊதினால் மூடி திறக்காது. இந்தப் பேச்சின் மையமே இதுதான்: நல்ல பெட்டிக்கு விலை உயர்ந்த மரமோ, மின்சார ரம்பமோ முதல் தேவை இல்லை. மரம் எந்தப் பக்கம் அசையும், எந்தப் பக்கம் அசையாது என்று தெரிந்திருப்பதே முதல் தேவை.

மரத்துக்கு எங்கே போவது? 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்த நாமக்கல் மாவட்டத்தில் லாரி பாடி கட்டும் பட்டறைகள் எத்தனை என்று நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்குத் தெரியும். ஓட்டுநர் கூண்டு இரும்புக்கு மாறிவிட்டாலும் சுமை ஏற்றும் தளத்துக்குப் பலகை பதிப்பது இன்னும் போய்விடவில்லை. பட்டறை ஓரத்தில் ஒன்றரை அடி, இரண்டடித் துண்டுகள் குவிந்து கிடக்கும். லாரிக்கு அவை வெட்டுமிச்சம். பெட்டிக்கு அதுவே முழு மரம். கெட்டி மரமாதலால் ரம்பம் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அவ்வளவுதான்.

பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் விசைத்தறிக்காரர்களுக்கு இன்னொரு வழி உண்டு. வெளிநாட்டிலிருந்து வரும் இயந்திரங்களும் உதிரி பாகங்களும் பைன் மரக் கூண்டுகளிலும் தட்டுகளிலும் வருகின்றன. அந்தப் பலகையில் கோதுமைக் கதிர் படம் போட்ட ஒரு முத்திரை இருக்கும். பக்கத்தில் எச்.டி. என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால், மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூட்டை 30 நிமிடம் ஏற்றிப் பூச்சி கொன்றிருக்கிறார்கள் என்று பொருள். எம்.பி. என்று இருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்ட மரம். அந்தப் பலகையில் பலகாரப் பெட்டி செய்ய வேண்டாம். அடுப்பிலும் வைக்க வேண்டாம். இந்த முத்திரையைப் படித்துப் பார்க்காமலே பலகையைப் பழைய இரும்புக்கடைக்காரரிடம் தூக்கிக் கொடுப்பவர்கள்தான் அதிகம்.

மூன்றாவது வழி மலையிலிருந்து இறங்குகிறது. சேர்வராயன் மலையில் காப்பிச் செடியை 1820-களில் கொண்டுவந்தவர் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கும் மிளகுக்கொடி படரவும் நட்ட மரம் சில்வர் ஓக், பூர்வீகம் ஆஸ்திரேலியா. வெட்டினால் பெரும்பாலும் பிளைவுட்டுக்கும் சிப்பம் கட்டும் பெட்டிக்கும் போகிறது. ஆரவாட்டில் அறுத்த சில்வர் ஓக் பலகையை இழைத்து, வெயிலில் சாய்த்துப் பாருங்கள். மீன் செதில் மாதிரி பளபளவென்று திட்டுத்திட்டாக மின்னும். இதை ஆணியடித்துத் தக்காளி அனுப்புகிற பெட்டியாக்குகிறார்கள் என்று நினைத்தால் யாருக்கும் மனம் கேட்காது.

மாமரத்தைச் சொல்லாமல் விட்டால் சேலத்துக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். காய்ப்பு நின்ற கிழட்டு மரம் மலிவாகவே கிடைக்கும். இளஞ்சாம்பலில் கறுப்பு வரி ஓடும் அழகான மரம். குறை ஒன்றுதான், சீக்கிரம் உளுத்துப்போகும். மரத்தில் மாவுச்சத்து இருப்பதால் பூச்சி தேடி வருகிறது. போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த வெந்நீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தினால் பெருமளவு தப்பிக்கலாம். வேம்பைப் பூச்சி அவ்வளவாக அண்டாது, ஆனால் அந்தக் கசப்பு வாடை உள்ளே வைக்கும் பொருளுக்கும் ஏறும். பட்டுக்கு அது நல்லதே. மைசூர்பாகுக்கு வேண்டாம். ஈட்டி மரம் வேண்டுமென்று ஆசைப்படுகிறவர்கள், சொந்தப் பட்டா நிலத்து மரமானாலும் அதை வெட்டுமுன் அரசு அனுமதி வேண்டுமா என்று விசாரித்துக்கொள்ளட்டும்.

இனி கருவி. யூட்யூப் காணொளிகளில் ஒரு சின்னப் பெட்டிக்கு ஐந்து இயந்திரங்களை ஓடவிடுகிறார்கள். பார்க்கிறவர், இதெல்லாம் வாங்கினால்தான் பெட்டி வரும் என்று நினைத்துக் கைபேசியை மூடிவிடுகிறார். வேண்டியவை ஐந்து கைக்கருவிகள்: பல் நெருக்கமான ஒரு ரம்பம், ஒரு இழைப்புளி, இரண்டு நூல் அகல உளி, மூலைமட்டம், கையால் சுற்றும் துளைப்பான். கொட்டாப்புளி இல்லாவிட்டால் ஒரு வேல மரத்துண்டு போதும். நூல் என்பது பட்டறைக் கணக்கு; எட்டு நூல் சேர்ந்தால் ஒரு இஞ்ச். மில்லிமீட்டர் அளவுகோலை வாங்கி வைத்துக்கொண்டும் இந்தப் பக்கத்து ஆசாரிகள் நூலில்தான் பேசுவார்கள்.

கருவி நல்லதா என்பதைக் கடையில் முடிவு செய்ய முடியாது. தீட்டின பிறகுதான் தெரியும். உளியின் பின்பக்கம் முழுத் தட்டையாக, கண்ணாடிபோல் முகம் தெரிய வேண்டும். முன்சரிவு 25 முதல் 30 டிகிரி. சாணைக்கல் இல்லாதவர் ஒரு கண்ணாடித் துண்டின்மேல் தண்ணீர்க்காகிதம் ஒட்டி அதிலேயே தீட்டலாம். பதம் பார்க்க முன்கை மயிரை மழிக்கும் பழக்கம் உண்டு. அதைவிட நல்ல சோதனை, மெதுமரத்தின் குறுக்குவெட்டு முகத்தைச் சீவிப் பார்ப்பது. நார் நசுங்கி வெளுத்தால் இன்னும் தீட்ட வேண்டும். மெழுகு வெட்டினதுபோல மினுமினுத்தால் போதும்.

உளியின் இரும்பு என்றதும் ஒரு பழைய கதை. சேலத்துக் கஞ்சமலை இரும்புத்தாதுவை நம்பி, கும்பினி உத்தியோகத்தில் இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் 1830-இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை போட்டார். ஆலை நட்டத்தில் மூழ்கியது. அவர் இங்கிலாந்து போய், எஃகு வார்ப்பில் மாங்கனீஸ் சேர்க்கும் முறைக்கு 1839-இல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு கத்திக்காரர்கள் அதை வைத்துக் கொழித்தார்கள், ஹீத்துக்கு வழக்குச் செலவுதான் மிஞ்சியது. சேலத்து இரும்பைப் பார்த்துத் தொழிலில் இறங்கியவரின் முறை ஊர் ஊராகப் பரவியது. சேலத்து ஆசாரியோ இன்று உளிக்கு ஜலந்தர் சரக்கை எதிர்பார்க்கிறார். கொல்லுப்பட்டறை இன்னும் இருக்கும் ஊர்களில் மட்டும் வேறு வழி உண்டு. லாரியின் தேய்ந்துபோன வில்பட்டையைக் காய்ச்சி அடித்து அரிவாள் செய்வதுபோல உளியும் செய்து தருவார்கள். நாமக்கல்லில் பட்டைக்குப் பஞ்சமே கிடையாது.

பெட்டிக்கு வருவோம். ஒரு ஜோடி கொலுசோ, மடித்த வெண்பட்டுத் துண்டோ வைக்கலாம் என்று வைத்துக்கொண்டால், வெளியளவு ஒன்பது இஞ்ச் நீளம், ஆறு இஞ்ச் அகலம், மூன்று இஞ்ச் உயரம். இதற்கு மூன்று இஞ்ச் அகலமும் நாலு நூல் கனமும் உள்ள ஆறடி ரீப்பர் ஒன்று போதும். பிளைவுட், கீல், பூட்டு, திருகாணி எதுவும் கிடையாது. ஒன்பது இஞ்ச் துண்டு இரண்டு, ஐந்தரை இஞ்ச் துண்டு இரண்டு, இவை சுவர்கள். ஐந்தரை இஞ்ச் துண்டு இன்னும் ஆறு. அதில் மூன்றைப் பக்கம் பக்கமாக ஒட்டினால் மூடி. மிச்சம் மூன்றை ஒட்டினால் அடிப்பலகை. மொத்தம் 62 இஞ்ச். ஆறடியில் ரம்பப்பல் தின்றதுபோகச் சாண் நீளம் கையில் மிஞ்சும். ஒரு மரக்கண்ணு குறுக்கே வந்தால் ஒதுக்கித் தள்ள அது உதவும்.

மூடிக்குத் துண்டுகளைக் குறுக்குவாட்டில் ஒட்டச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. மரம் நீளவாட்டில் அநேகமாக நீள்வதும் இல்லை, சுருங்குவதும் இல்லை. அசைவெல்லாம் அகலவாட்டில்தான், அதிலும் வருட வளையத்தை ஒட்டிய திசையில் அசைவு, ஆரத் திசையில் இருப்பதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. சேலத்தில் சித்திரை, வைகாசியில் வெயில் நாற்பது டிகிரியைத் தொடும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை காற்றையே ஈரமாக்கிவிடும். கோடையில் கச்சிதமாகப் பொருத்திய மூடி தீபாவளிக்கு இறுகிக்கொள்வது இதனால்தான். பொருத்தினவர் கையைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்தப் பெட்டியின் மூடி, சுவரின் உட்பக்கம் வெட்டிய காடி என்ற பள்ளத்துக்குள் தள்ளித் திறப்பது. ரேகை குறுக்கே ஓடும்படி மூடி செய்தால், காடிக்குள் ஓடும் அகலம் மரத்தின் நீளவாட்டு ஆகிவிடுகிறது, மழைக்கும் வெயிலுக்கும் மாறாது. ஊதினாலும் முன்னும் பின்னும்தான் ஒரு நூலுக்குள் ஊதும். அதற்குப் பின்காடியில் அரை நூல் இடம் விட்டுவிட்டால் தொல்லை தீர்ந்தது.

துண்டுகளை ஒட்டுமுன் இரண்டு ஓரங்களையும் சேர்த்துப் பிடித்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்க்க வேண்டும். நடுவில் கீற்று வெளிச்சம் தெரிந்தால் இழைப்புளி இன்னும் ஒரு தடவை ஓடட்டும். அந்தக் காலத்தில் வஜ்ஜிரம் காய்ச்சுவார்கள், அந்த நாற்றத்தில் தெருவே மூக்கைப் பிடிக்கும். இப்போது எல்லாருக்கும் பெவிகால். கிளாம்ப் இல்லாதவர் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கலாம். ஆப்பு வைத்தும் இறுக்கலாம். பிதுங்கி வரும் பசையை ஈரத்துணியால் அப்போதே துடைத்துவிட வேண்டும். காய்ந்தபிறகு சுரண்டினால் அந்த இடத்தில் பாலிஷ் ஏறாது.

சுவர்ப்பலகைகளின் உட்பக்கம் மேலே ஒரு காடி, கீழே ஒரு காடி. இரண்டு நூல் அகலம், இரண்டு நூல் ஆழம், உளியின் அகலமும் அதுவே என்பதால் அளந்து அளந்து வெட்ட வேண்டியதில்லை. முதலில் கத்தியால் இரு கரையும் கீறி நாரை அறுத்துவிட்டு, பிறகு உளியை மெல்லத் தட்டிக்கொண்டு போனால் ஓரம் பிசிறாது. அவசரக்காரர்கள் இந்தக் கீறலைத்தான் விட்டுவிடுவார்கள். முன்சுவர் மட்டும் மேல்காடியின் அடிமட்டம் வரை உயரம் குறைவு, மூடி அந்த வழியாக உள்ளே ஓடும். மூடியின் ஓரமும் அடிப்பலகையின் ஓரமும் காடிக்குள் போகும் அளவுக்கு இழைத்து மெலிய வேண்டும். அடிப்பலகைக்குப் பசை கூடவே கூடாது. அது காடிக்குள் சும்மா உட்கார்ந்திருக்கட்டும். பசை போட்டு இறுக்கினால் அடுத்த பங்குனியில் நடுவில் வெடிக்கும்.

மூலைக்கு என்ன செய்வது? புறாவால் மூட்டு அழகு. முதல் பெட்டியிலேயே அதில் இறங்கினால் மரமும் போகும், மனமும் போகும். பக்கச்சுவரின் முனையில் இரண்டு நூல் ஆழத்துக்குப் படி வெட்டி, குறுக்குச்சுவரை அதில் உட்கார வைத்துப் பசை தடவி, வெளியிலிருந்து மூலைக்கு மூன்று மூங்கில் ஆணி அடித்தால் போதும். மூங்கில் துருப்பிடிக்காது. ஆணித்தலையை மரத்தோடு மட்டமாக இழைத்துவிட்டால் சின்னப் புள்ளிகளாகத் தெரியும், அதுவே ஒரு அலங்காரம். காடி வெட்டிய இடம் மூலையில் பொந்தாகத் தெரியும். மிச்சமான சாண் மரத்திலிருந்து ஒரு துணுக்கைச் செதுக்கி அடைத்துவிடலாம்.

மெருகுக்கு உப்புத்தாளை அளவோடு தேய்த்து, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை மெல்லிய துணியால் இரண்டு மூன்று கை போட்டு, மேலே தேன்மெழுகு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது காயவே காயாது, சிக்கு வாடை வரும். ஆளிவிதை எண்ணெய் காயும். ஆனால் அந்த எண்ணெய்த்துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட வேண்டும். உள்ளே வெள்ளி வைப்பதானால் பருத்தித் துணி விரிப்பதே நல்லது. ரப்பர், கம்பளி இரண்டிலும் கந்தகம் உண்டு, கொலுசு கறுத்துவிடும்.

இவ்வளவு தெரிந்தும் ஊரில் பெட்டி ஏன் செய்வதில்லை? பரமத்திப் பக்கம் ஒரு பட்டறையில் பேச்சு இப்படித்தான் போகும்:

"ஏனுங்க ஆசாரியாரே, சின்னதா ஒரு பொட்டி செஞ்சு குடுப்பீங்களா?"

"பொட்டிங்களா? கதவு, நெலவுன்னா சொல்லுங்க, செஞ்சர்லாம். இதுக்கு ரெண்டு நாளு ஆகுமுங்க. கூலி சொன்னா நீங்க ஓடிப்போயிருவீங்க."

அவர் சொல்வதில் தப்பில்லை. காடியும் மூடியும் கச்சிதமாக வர இரண்டு நாள் ஆகத்தான் செய்யும். ஒரு கதவுக்கு இரண்டு நாள் கூலி கொடுக்கிறவர், ஒன்பது இஞ்ச் பெட்டிக்கு அதைக் கொடுக்கத் தயங்குகிறார். மரத்தின் அளவைப் பார்த்து விலை பேசும் பழக்கம் போகாதவரை இந்தத் தொழில் நடக்காது. கடையில் வெல்வெட் டப்பா மலிவு என்பது வேறு விஷயம். அதைக் கல்யாணம் முடிந்த வாரமே தூக்கிப் போடுகிறோம்.

ஆகவே ஒரு விண்ணப்பம். ஆடி மாதத்தில் யாரும் வாசல் நிலை வைப்பதில்லை, கல்யாணம் இல்லை, புதுமனை புகுவிழா இல்லை. கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குச் சேலமே திரண்டிருக்கும்போது ஆசாரிமார்களின் பட்டறை காலியாகக் கிடக்கும். ஆடியில் மரத்தை வெட்டிக் காயப்போட்டு, புரட்டாசியில் பொருத்தி, ஐப்பசி மழையில் மூடி ஓடுகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டால் தை முகூர்த்தத்துக்குப் பெட்டி தயார். வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்கள் ஆடி பிறந்ததும் பக்கத்துப் பட்டறைக்குப் போய்ச் சொல்லிவிடுங்கள். வீட்டில் கிடக்கும் பழைய பலகையை நீங்களே எடுத்துப் போங்கள். கூலியை அவர் சொன்னபடி கொடுங்கள்.